புரட்டிப் படுக்க வைக்கும் பாடம்

பிப்ரவரி 6

இன்று ஒன்பது பேர் என்னைப் புரட்டினார்கள். நர்சிங் உதவியாளர் பயிற்சி நிலையத்தில் நான் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். பயிற்சிக்கு நோயாளியாகப் படுக்க வைக்கும் ரப்பர் பொம்மையின் இடுப்பு உடைந்ததிலிருந்து நான்தான் நோயாளி. பேசாமல் படுத்திருக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "பொம்மையே தேவலடி, இந்தக் கனம் கனக்காது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நோயாளி சிரிக்கலாமா?

பிப்ரவரி 9

சொல்லிவிட்டேன்! எப்படி வாய் வந்தது என்றே தெரியவில்லை.

பாடம் நடத்தும் சிஸ்டர் தனியாக இருந்தார். புத்தகத்தில் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது மூன்றாம் பாடம், புரட்டிப் படுக்க வைப்பது ஐந்தாம் பாடம். புரட்டத் தெரியாதவர்கள் முதுகை எப்படித் துடைப்பார்கள்? தினமும் ஈர முதுகோடு எழுந்திருப்பது நான்தானே. அதைத்தான் சொன்னேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அடிப்பாவி, உனக்குப் பேச வருமா? இத்தனை நாளா ஊமைன்னுல்ல நெனச்சேன்."

அடுத்த பேட்ச்சுக்குப் பாடத்திட்டம் போடுகிறாராம். நாளையிலிருந்து என்னையும் கூட உட்காரச் சொன்னார்.

பிப்ரவரி 15

பதினொரு பாடம் முடிந்தது. சிஸ்டர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். நடுவே, "உனக்கு எங்க வலிக்கும்?" என்று கேட்டு அதையும் எழுதச் சொல்கிறார். 'தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கவும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.' இது நான் சொன்னது.

கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த பேட்ச்ல நீயும் சேந்துடு. மேனேஜர்கிட்ட நான் பேசுறேன்."

பிப்ரவரி 16

அம்மாவிடம் சொன்னேன். "ஒம்பதாவதோட நின்னவளுக்கு யாருடி சீட்டுக் குடுப்பா?"

நிறுத்தியது அவள்தான். அது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்கனவே மடித்த துணியை மறுபடி மடித்தாள்.

பிப்ரவரி 20

சிஸ்டர் இன்னும் பேசவில்லை.

பிப்ரவரி 23

பேசினார். நான் கதவோரம் நின்றேன்.

மேனேஜர் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கே சிஸ்டர்" என்றார். சிஸ்டர் சிரித்தார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணையும் சேத்துக்கலாமான்னு..." என்று இழுத்தார்.

"பத்தாவது பாஸா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பாஸ் பண்ணிட்டு வாம்மா, பாக்கலாம்." அடுத்து சிஸ்டரிடம், "அந்தப் பொம்மைய ரிப்பேருக்கு அனுப்ப வேணாம். அதான் இவ இருக்காளே."

எனக்கு ஏன் ஒரு வார்த்தை வரல? நாக்கு செத்தா போச்சு? அந்தப் பாடத்திட்டத்துல பாதி நான் சொன்னதுன்னு சொல்லியிருக்கலாம்ல — சிஸ்டராவது சொல்லியிருக்கலாம்ல?

பிப்ரவரி 24

வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 26

போனேன். வேறு எங்கே போவது?

மார்ச் 4

புது பேட்ச்சில் இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு என் வயதுதான்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்க்காமலே தாளை நீட்டினார். "புரட்டுற பாடத்த முதல்ல சுத்தமா எழுதிக் குடு. நாளன்னிக்கு நடத்தணும்."

நோக்கம் எழுதினேன். நேரம், நாற்பது நிமிடம். 'தேவையானவை' என்று போட்டு அடிக்கோடிட்டேன். கட்டில் ஒன்று. விரிப்பு இரண்டு. தலையணை மூன்று.

அதற்குக் கீழே என்னை எழுதினேன்.