ஹெல்மெட்டில் பதினாறு முட்டை

செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கொட்டகை நிறையக் கோழிகளும் சௌக்கியம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எப்போதும் அப்பாதானே எழுதுவார், இதென்ன கோழிக் கிறுக்கல் என்று யோசிக்காதே. இந்த விஷயத்தை அப்பாவிடம் விட்டால், தன் ரிப்பேர் கடையில் கடிகாரத்தைப் பிரிப்பது போல ஒவ்வொரு திருகாகக் கழற்றி, கடைசியில் தப்பெல்லாம் என்மேல் என்று முடித்துவிடுவார். அது உண்மைதான், ஆனாலும் அதை நானே சொல்லிக்கொள்கிறேன். கொட்டகைக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. மாடிவீட்டு டீச்சர் பாட்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார், கோழிகள் இரண்டு நாள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன, இப்போது அவையும் பழகிவிட்டன, நாங்கள்தான் இன்னும் பழகவில்லை.

நீ வாங்கி அனுப்பிய சைக்கிள் ஹெல்மெட்டைத் தினமும் எடுத்துப்போகிறேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய்யில்லை. தலையில் போட்டுக்கொண்டு என்று மட்டும் நான் சொல்லவே இல்லை. உள்ளே மெத்தென்று பஞ்சு, மேலே காற்றுப்போக ஓட்டைகள், கட்டிக்கொள்ள வார், கேக் கடைக்குக் கொடுக்கும் பெரிய முட்டைக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது. பதினாறு முட்டை அடுக்கி, துண்டு போட்டு மூடி, வாரை இழுத்துக் கட்டி முன்கூடையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் ராணி மாதிரி ஓட்டினேன். போன மாதம் நம் தெருமுனையில், குழாய் உடைந்து பாசி பிடித்திருந்த இடத்தில் சக்கரம் வழுக்கிவிட்டது. வேகமெல்லாம் இல்லை, பக்கத்தில் நடந்து போனவர் என்னை முந்தியிருப்பார். பின்னால் கட்டியிருந்த மூன்று தட்டு முட்டையும் ரோட்டிலேயே ஆம்லெட். ஹெல்மெட்டில் இருந்த பதினாறில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. என் தலையில் ஐந்து தையல். ஹெல்மெட் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கு, ஆள்தான் மாறிப்போச்சு என்று உன் அப்பா ஆஸ்பத்திரியிலேயே சொன்னார், தையல் போட்ட நர்ஸ் சிரித்ததில் எனக்குத்தான் வலித்தது.

உன்னோடு வீடியோவில் பேசும்போது தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஜலதோஷம் என்று சொன்னது அதனால்தான். இதை அப்படியே அமுக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன், நீ அனுப்பிய போட்டோ வந்து கெடுத்தது. புது சைக்கிளில் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருக்கிறாய், ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. ஹேண்டில்பாருக்கு மண்டை உடையும் என்று பயமா. ஆபீஸ் பக்கத்திலதான் இருக்கு, முடி கலைஞ்சிடும் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். முடியை ஆபீஸில் போய்ச் சீவிக்கொள்ளலாம். பக்கம், மெதுவாகத்தான் போகிறேன் என்பதெல்லாம் நானும் சொன்னதுதான், கண்ணா. ஒன்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார், ஒரு பையன் என்றேன். பேர் என்ன என்றார். வரவில்லை. உன் முகம் தெரிகிறது, நீ முதன்முதலாகச் சைக்கிள் விட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டது தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் தானாக வந்துவிட்டது, மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு, பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் போல நான் வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை.

ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் இனித் தலைக்கு ஆகாது என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னதால் அதை முட்டைக்கே விட்டுவிட்டு, எனக்கு மஞ்சளில் ஒன்று வாங்கிக்கொண்டேன். கேக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தீயணைப்பு வண்டி வந்தாச்சா என்கிறார், சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இருக்க வேண்டும், இரண்டாவதை முதலில் கேட்டுக்கொள்கிறேன். மறக்காமல் ஹெல்மெட் போட்டு ஒரு போட்டோ அனுப்பு, தாடைக்குக் கீழே வார் மாட்டியிருப்பது தெரிய வேண்டும். உறைமேல் உன் பெயரை நானே எழுதியிருக்கிறேன், அப்பாவிடம் கேட்காமல்.

ஆசைகளுடன்,
உன் அம்மா