காலைத் தொட்டு வழி கேட்பது

அலுவலகத்தில் சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது குளோரின் வாசனை அடித்தது. காலையில் ஈரத் துண்டை அதே பையில் திணித்திருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரி மூக்கைச் சுளித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

விழுப்புரம் நீச்சல் குளத்தில், பெண்களுக்கான காலை நேரத்தில், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வருபவள் நீ ஒருத்திதான். காணைப் பக்கம் உங்கள் நிலத்துக் கிணற்றில் கற்றுக்கொண்ட தவளை நீச்சல் உன்னுடையது. முதல் நாளே உன் கால் என் தோளில் பட்டது. உடனே, கயிறு கட்டிப் பிரித்த லேனின் நடுவிலேயே நின்று, என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நானும் பதிலுக்கு உன் கையைத் தொட்டு ஒற்றினேன். பின்னால் வந்த இருவர் நம் மேல் மோதினார்கள். கோச் விசில் ஊதினார்.

"யம்மா, நடு லேன்ல நின்னுக்கினு இன்னா கும்பிடு? செவுத்துக்குப் போய் போடுங்க!"

"கால் பட்டுச்சு சார். அப்டியே போயிடறதா?" என்றாய் நீ.

அன்றுதான் அவர் லேன் ஒழுங்கைச் சொன்னார். போகும்போதும் வரும்போதும் இடது ஓரம். முந்த வேண்டுமானால் முன்னால் போகிறவரின் பாதத்தை விரலால் லேசாகத் தொட வேண்டும். தொடப்பட்டவர் சுவர் வந்ததும் மூலையில் ஒதுங்கி வழிவிட வேண்டும். மூலையில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல்.

நீ விடவில்லை. "காலைத் தொட்டா வழியா கேப்பாங்க? ஆசீர்வாதம் இல்ல கேப்பாங்க?"

அடுத்த நாள் ஒரு பெண் உன் பாதத்தைத் தொட்டாள். சுவரோரம் ஒதுங்கிக் கையை உயர்த்தி, "நல்லா இரு தாயி, சீக்கிரம் போய்ச் சேரு" என்றாய். சிரிப்பில் அவள் தண்ணீர் குடித்துவிட்டாள். பிறகு யார் தொட்டாலும் 'நல்லா இரு' சொல்வது நம் லேனின் வழக்கமாயிற்று. ஆனால் நீ வேகம் பிடித்த பின் உன்னைத் தொட ஆளில்லை. நான் தொட்டதே இல்லை, அந்த ஒரு நாள் தவிர.

அந்த நாள் நான் உன்னை மூன்று முறை தொட்டேன். மூன்றாவது முறை நீ மூலையில் ஒதுங்கிக் கையை மட்டும் உயர்த்தினாய். குரல் வரவில்லை. நான் திரும்பி நீந்தினேன். போய் வந்தேன், நீ அதே மூலையில் நின்றாய். மறுபடி போய் வந்தேன், அப்போதும் நின்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னை முந்திவிட்டேனே.

அதன் பிறகு நீ வரவில்லை. "பஸ்ஸு பேஜாருடி" என்று போனில் சொன்னாய். நம்பினேன். இரண்டு மாதம் கழித்து உன் மகள் அழைத்தாள். உன் இதயம் நின்றுவிட்டது என்றாள்.

"ஆறு மாசமா அம்மாக்கு மூச்சு வாங்கிக்கினுதான் இருந்துச்சு ஆன்ட்டி. தண்ணில எறங்குனா சரியாயிடும்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

அந்த மூலையில் நின்று நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? நான் கேட்பேன் என்று பார்த்தாயா, கேட்டுவிடக் கூடாது என்று பார்த்தாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, இல்லை கிண்டலடித்து என்னைத் துரத்தியிருப்பாயா? எத்தனை முறை யோசித்தாலும் உன் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை. அன்று நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

இப்போது யாராவது மூலையில் கொஞ்சம் அதிகமாக நின்றால் நான் திரும்பி நீந்திப் போய்விடுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். போன வாரம் ஒருத்தியிடம், "இன்னாம்மா, மூச்சு வாங்குதா?" என்றேன்.

"இல்லக்கா, கண்ணாடில தண்ணி பூந்துடுச்சு."

உண்மைதானா என்று அவள் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நீந்தினேன்.