படத்துண்டை இழுத்துப் பொருத்தவும்

செப்டம்பர் 9, செவ்வாய்

நான் பராமரிக்கும் மல்லாட்டை மண்டியின் டோக்கன் இணையதளத்தில் இன்றும் அதே கூத்து. காலையில் திறந்த வேகத்தில், மூட்டை இறக்குவதற்கான எல்லா டோக்கனும் காலி. எவனோ ஒரு வியாபாரி ரோபோ புரோகிராமை ஏவிவிட்டு அள்ளுகிறான். விவசாயி வேர்க்கடலை மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு மழைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறான். "வெண்ணிலா, ஜல்தியா ஏதாவது பண்ணும்மா" என்கிறார் மேனேஜர் ஜெகதீசன் சார். திரையில் ஒரு படத்துண்டை விரலால் இழுத்து, படத்தில் அதற்கான பள்ளத்தில் பொருத்தினால்தான் டோக்கன் என்று வைக்கப்போகிறேன். ரோபோ என்ன செய்கிறது, பார்க்கலாம்.

செப்டம்பர் 11

வைத்தாயிற்று. ரோபோ ஒழிந்தது!

செப்டம்பர் 12

விவசாயிகளும் ஒழிந்தார்கள். பாதி டோக்கன் அப்படியே கிடக்கிறது. போனுக்கு மேல் போன். "படம் பாதியிலயே நின்னுபூடுதும்மா, ஒரே பேஜாரு." மழை என்று எல்லோரும் போனைப் பாலிதீன் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் இழுத்தால் எப்படி நகரும்? கவரை எடுங்கள் என்றால், "நனைஞ்சா நீயா வாங்கித் தருவ?"

நான் என்ன செய்ய?

செப்டம்பர் 13

துண்டு சரியாகப் பொருந்தாவிட்டாலும் போதும் என்று தளர்த்தினேன், ரோபோ வந்தது. இறுக்கினேன், ஆட்கள் வரவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஊருக்கு, மயிலத்துக்குப் போன் போட்டு, நம் மூட்டைக்கு டோக்கன் எடுத்தாயிற்றா என்று அப்பாவைக் கேட்டேன். "போட்டுக்கினுதான் இருக்கேன். நீ உன் வேலயப் பாரு." நான் எடுத்துத் தந்தால் வாங்க மாட்டார். மகள் தயவில் டோக்கன் என்று ஊர் பேசுமாம்.

செப்டம்பர் 15

திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் டோக்கன் எடுத்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசல் வரை கூட்டம். கூட்டத்தில் அப்பா! சென்டர் நடத்தும் வேணிக்குக் கொடுக்க ஒரு பை மல்லாட்டையோடு. என்னைப் பார்த்ததும் தப்பு செய்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

"எனக்கு இழுக்க வரலம்மா. சொன்னா உன் வேலயக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும்னு சொல்லல."

வேணி மவுசைப் பிடித்து ஒரே இழுப்பு. 'நீங்கள் மனிதர்தான். நன்றி' என்று திரையில் வந்தது. நான் எழுதிய வரி. அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது? பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 16

தளத்திலிருந்து படத்துண்டை எடுத்துவிட்டேன்.

"திரும்பவும் ரோபோ வந்துடுமேம்மா?" என்றார் சார்.

"வரட்டும் சார். அதை எப்படிப் புடிக்கிறதுன்னு நான் பாக்கறேன். அது என் வேலை. அவங்க வேலை இல்ல."