எந்த வகுப்பில் என் பெயர்

பாய்சி,
3 மார்ச் 2003

அன்புள்ள அப்பாவுக்கு,

பிள்ளைகளுக்குச் சளி, மற்றபடி நலம்.

அர்வில்லா அத்தை போன் செய்தாள். "ஒங்கப்பன் ஆலயத்துக்குப் போற வெள்ளை உடுப்பத் தேச்சு வச்சிருக்கான்டி. நூலகத்து நோரீனோட முத்திரையாம். ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது. அம்மா போய்ப் பதினான்கு மாதம்தான் ஆகிறது.

வயதான காலத்துக்குத் துணை வேண்டுமென்றால் பிஷப்பே கல்யாணம் செய்து வைப்பார். நம் சபையில் ஆலயத்து முத்திரைக் கல்யாணம் என்றால் மறுமைக்கும் சேர்த்துத்தானே? அங்கே அம்மாவை எங்கே நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. ஊரில் எல்லோருடைய கல்யாணப் படமும் மான்டை ஆலய வாசலில் எடுத்தது. உங்களுடையது மட்டும் பெரியப்பா வீட்டு முன்னால். ஏன் அப்பா?

ஜனீல்

எப்ராயீம்,
9 மார்ச்

கண்ணே ஜனீல்,

சொல்ல வேண்டாம் என்றாள் உன் அம்மா. நானும் சொல்லவில்லை.

அலமாரியில் இருக்கும் சிப்பாய் படம், வியட்நாமில் இறந்த லேமர், உன் அம்மா வெர்டாவின் முதல் கணவன் என்பது உனக்குத் தெரியும். ஆலயத்தில் அவர்களுக்கு முத்திரை ஆகியிருந்தது. உயிரோடிருக்கும் பெண்ணுக்கு ஒரு முத்திரைதான். அதனால் சாவு வரைக்கும்தான் அவள் என் மனைவி.

ஒரு பிள்ளை வருஷம் முழுக்க என் வகுப்பில் படிக்கிறது என்று வைத்துக்கொள். பெயர் மட்டும் பக்கத்து வகுப்புப் பதிவேட்டில். ஆஜர் எடுக்கும்போது அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். அவள் வயிற்றில் பிறந்ததால், என் மகளான நீயும் லேமரின் பதிவேட்டில்தான் இருக்கிறாய்.

மறுமையில் எனக்கு யாருமில்லை, மகளே. கல்யாணமே ஆகாத நோரீனுக்கும் யாருமில்லை.

அப்பா

பாய்சி,
30 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களை நம்பாமல் எங்கள் பிஷப்பிடம் கேட்டேன். மன்னியுங்கள்.

"அப்பா சொன்னது சரிதாம்மா. ஆனா இறந்தவங்களுக்கு அந்த ஒரு முத்திரைக் கட்டுப்பாடு இல்ல. அவரும் போனப்புறம் ரெண்டு பேர் பேரையும் ஆலயத்துக்கு எடுத்துட்டுப் போய் நீங்க முத்திரை செய்விக்கலாம். ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அங்க அம்மாவோட இஷ்டம்" என்றார்.

முப்பது வருஷம் ஞாயிறு வகுப்பு எடுத்தவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் என்னிடம் கேட்கவில்லை. நான் செய்ய மாட்டேன் என்று சந்தேகமா, அம்மா அங்கே லேமரையே தேர்ந்தெடுத்துவிடுவாள் என்றா? அந்தப் படத்தைச் சனிக்கிழமைதோறும் துடைத்து வைத்தது நீங்கள்தான்.

நோரீனோடு போய் வாருங்கள். பிறகு உங்கள் பெயரை அம்மா பெயரோடு நான் எடுத்துப் போவேன். அதில் நோரீனுக்கு வருத்தமில்லையே என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். உங்கள் காலம் முடிந்துதான் இது ஆகும், ஆகவே அவசரமில்லை.

அம்மா யாரோடு என்பதை அம்மா சொல்லட்டும். ஆஜர் எடுக்கும்போது நான் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பேன். யார் வந்து எழுப்புகிறார்கள், பார்ப்போம்.

உங்கள் மகள்,
ஜனீல்