ராசா வீட்டுத் தேத்தண்ணி

லா ஷோ-து-ஃபோன்,
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கை எலேனாவுக்கு,

தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் எழுதுகிறேன். நானும் றஞ்சினியும் சுகம். உன் மூட்டுவலி குறையவேண்டும் என்று ஞாயிறுதோறும் செபிக்கிறேன். நீ திட்டுகிற அதே மோர்மன் சபையில் இருந்துதான்.

இங்கே முழங்கால் வரை பனி. இருபத்தொன்பது வருடம் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் மணிக்கூடுகளின் உலோகக் கோது மினுக்கிய கை, ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க மறுக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் புத்தகங்கள் படிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று நீ சொல்லிக் காட்டத் தேவையில்லை, எனக்கே தெரியும்.

நான் இந்தச் சபையில் முழுக்குப் பெற்று இரண்டு வருடம். இந்த ஊர்த் தமிழரில் நான்தான் முதல் ஆள். பூசை முடிந்து வருகிற நம்மவர்கள் தெருவில் என்னைக் கண்டால், “அண்ணை, ரெண்டாவது அக்கா எப்ப வாறா?” என்று கேட்கிறார்கள். “முதலாவது அக்காவைக் கேட்டுச் சொல்லுறன்” என்பேன். ஒருவன் பல பெண்களைக் கட்டுகிற அந்த வழக்கத்தைச் சபை கைவிட்டு நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாகிறது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? றஞ்சினி இன்றும் பூசைக்குத்தான் போகிறாள். தன் தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிக்கிறாள். எங்கள் வீட்டில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் வெளியில்தான்.

ஒன்று சொல்கிறேன், கேள். இந்தச் சபை தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் அவர்களுடைய அச்சுக்கூடத்தை ஊர்க்காரர் அடித்து நொறுக்கினார்கள். அச்சடித்த தாள்களைத் தெருவில் வீசினார்கள். 1838இல் ஒரு மாநிலத்தின் ஆளுநரே, இவர்களை ஒழிக்கவேண்டும் அல்லது துரத்தவேண்டும் என்று எழுத்தில் கட்டளையிட்டார். பிறகு குடியேறிய இடத்திலிருந்தும் விரட்டப்பட்டு, மாசி மாதக் குளிரில் பிள்ளைகுட்டிகளோடு ஆற்றைக் கடந்து போனார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். யுத்தத்துக்குப் பயந்து நாங்கள் மன்னாரை விட்டுப் படகேறிய இரவு உனக்கு ஞாபகம் இருக்கும். இவர்கள் எனக்கு அந்நியர் இல்லை என்று அன்றுதான் தோன்றியது. அவ்வளவு அடிபட்டவர்களின் நம்பிக்கையை ஒரு பகிடிக்குப் பயந்து நான் விடுவேனா?

இனி உன் கோபத்துக்கு வருகிறேன்.

நத்தார் பண்டிகைக்கு முன் சனிக்கிழமை, எங்கள் மகள் ஷரோனுக்கும் விதுஷனுக்கும் கலியாணம் பேசி முடிக்க ஆராவ் நகரில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். விதுஷனின் தாய் இந்திரா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தா. என் சபையில் தேயிலையும் கோப்பியும் குடிக்கமாட்டோம். அதைச் சொல்லியிருக்கவேண்டும். இருபது பேர் இருந்த அறையில் அந்த “ரெண்டாவது அக்கா” பகிடி திரும்ப வருமே என்று கூசி, “வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்” என்று சொல்லிவிட்டேன்.

விதுஷனின் தகப்பன் ராசா முகம் கறுத்து எழுந்து உள்ளே போனார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் ஷரோன், விதுஷனிடம் கேட்டு, அழுதுகொண்டு சொன்னாள். ஊரில் எங்கள் அப்பு, பக்கத்துச் சைக்கிள் கடை திறக்கும்வரை அவர்களுடைய வீட்டு வாசல் படலையடியில் வெயிலில் நின்றபோது, ராசாவின் தகப்பன் தேத்தண்ணி நீட்டினாராம். அப்பு நாக்கு வறண்டபடியே சொன்னது அதே வார்த்தை: “இப்பதான் குடிச்சனான்.” எங்கள் சாதி ஆட்கள் அவர்கள் வீட்டில் கைநனைப்பதில்லை என்பதை அந்த ஊரில் எல்லோரும் இந்த வார்த்தையால்தான் சொன்னார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்துச் சுவிசில் வைத்து மகனும் அதையே சொன்னான் என்று ராசா கலியாணத்தை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் உன் மகள் டிலக்ஷி மூலம் உன் செய்தி வந்தது: “போய் ஒரு மிடறு குடிச்சிட்டு வா. உன்ர மோட்சம் குறைஞ்சு போகுமோ?”

குறையாது, எலேனா. ஆனாலும் குடிக்கமாட்டேன். தேத்தண்ணியை மறுத்தது என் பிழை இல்லை. மறுத்ததற்குப் பொய் சொன்னதுதான் பிழை. அதை நான்தான் போய்த் திருத்தவேண்டும்.

போன சனிக்கிழமை ரயில் ஏறினேன். யாரும் அழைக்கவில்லை. மத்தியானம் ராசா கதவைத் திறந்து, வா என்றும் சொல்லாமல் நின்றார். “தம்பி, தேத்தண்ணி நான் எந்த வீட்டிலயும் குடிக்கிறேல்லை, அது என்ர சபை. அண்டைக்குப் பொய் சொன்னன். இப்ப பசிக்குது, சோறு போடுங்கோ” என்றேன். இந்திரா ராசாவைப் பார்த்தா. ராசா சுவரைப் பார்த்தார். மேசையில் அவர் பாதி சாப்பிட்ட சாப்பாட்டுத் தட்டு இருந்தது. நான் உட்கார்ந்து அதிலேயே கை வைத்தேன். பாரைமீன் குழம்பு, நல்ல உறைப்பு. அவர் குடித்து வைத்த தண்ணீரையும் குடித்தேன். ராசா பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, “அண்ணை, இதுக்கு அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிருந்தா லேசு” என்றார். மூவரும் சிரித்துவிட்டோம். இந்திரா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா.

ஆவணியில் கலியாணம். ஆனால் ராசா ஒன்று கேட்டார். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதை என் ஆட்கள் பார்க்கவேண்டும் என்றார். றஞ்சினி வேறு ஊர்ப் பிள்ளை, அவள் குடித்தது அன்று கணக்கில் வரவில்லை. அப்புவின் பிள்ளைகளில் நானும் நீயும்தான் மிச்சம்.

நீ வருவாய் என்று சொல்லிவிட்டேன்.

விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூட்டுவலியைச் சாட்டாக எழுதாதே, இங்கே சக்கர நாற்காலி இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் படலையடிக்கு நீ இன்றுவரை போனதில்லை என்பது எனக்குத் தெரியும். உன் கோபம் என் சபையோடு மட்டும்தானா என்று நான் கேட்கமாட்டேன். நீயே உன்னைக் கேட்டுக்கொள்.

ஒரு மிடறுதானே என்றாய். வந்து குடி, தங்கச்சி.

உன் செபமாலையின் ஆண்டவரும் என் சபையின் ஆண்டவரும் ஒருவரே. அவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் பிடிவாதக்கார அண்ணன்,
அந்தோனிதாஸ்