இடது கைப்பக்கத்து டம்ளர்

என் செல்லக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், உன்னைத் தேற்றுவதிலேயே விஷயம் போய்விடும். முதலில் இதைக் கேள். நீ சிநேகிதியிடம் கொடுத்தனுப்பிய கஞ்சா எண்ணெயால் அப்பாவின் கைநடுக்கம் குறைந்துவிட்டது என்று போன வாரம் சொன்னேனே, அது தப்பு. நான் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னேன், கண்டதே பொய்யாகிவிட்டது.

நீ சொன்னபடி தினமும் சாயங்காலப் பாலில் நாலு சொட்டு விட்டேன். அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. பார்க்கின்சனுக்குக் கஞ்சா என்றால் மனுஷர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார் என்று நமக்குத் தெரியாதா. ஒரே மாதிரி இரண்டு டம்ளர், அவருடையதை அவர் வலது கைப்பக்கமும் என்னுடையதை இடது கைப்பக்கமும் வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போவேன். திரும்புவதற்குள் அவர் குடித்து டம்ளரைத் தொட்டியில் போட்டிருப்பார், மேஜையில் மிஞ்சிய டம்ளரை நான் குடிப்பேன். இரண்டே நாளில், டம்ளர் மேஜையில் டகடகவென்று அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. வலது கை மடியில் துண்டுக்கு அடியில் சும்மா கிடந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் தலையணையில் தலை வைத்ததும் தூக்கம், எந்நேரமும் பசி, எல்லாம் மனசு நிம்மதியானதால் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு சொட்டாக ஏற்றச் சொன்னாய், ஏற்றினேன். இவ்வளவு குணம் தெரிகிறதே, அவருடைய காலை மாத்திரையைப் பாதியாக்கிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன், நல்லவேளை செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் பால் குடித்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எழுந்தேன், சுவர் சாய்ந்தது. மடித்த துணிமேலேயே விழுந்ததால் எலும்பு தப்பித்தது, பயப்படாதே, இப்போது கல்லுக்குண்டாக இருக்கிறேன். விழுந்த கிடையிலும் சிரித்தேனாம். எதிர்வீட்டு டிரைவர் தம்பி, அப்பாவுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடமே தூக்கிக்கொண்டு போனார். என்ன சாப்பிட்டீர்கள் என்று அந்த அம்மா கேட்க, மருந்துக்கடையில் முப்பத்தொரு வருஷம் நின்ற உன் அப்பா என் மாத்திரைகளை மில்லிகிராம் சுத்தமாக ஒப்பித்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை. அதற்குமேல் மறைக்க முடியாமல் நான் உண்மையைச் சொன்னேன், எண்ணெய் விட்டது நிஜம், ஆனா அவருக்குத்தானே விட்டேன் என்று. நான் இடது கைப்பக்கம் இருக்கறதத்தான் எடுத்துக் குடிக்கிறேன் என்றார் அப்பா. எண்ணெய் வந்த அன்று, அவர் கை நாளுக்கு நாள் மோசமாகிறது என்று உன்னிடம் போனில் அழுதேன் இல்லையா, அது உள்ளறையில் அவர் காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து என் கண்ணில் படக்கூடாதென்று வலது கையை ஒளித்து வைத்துக்கொண்டு இடது கையாலேயே குடித்திருக்கிறார். மிஞ்சிய டம்ளர் எந்தப் பக்கத்தது என்று நான் பார்த்ததே இல்லை, கஞ்சா குடித்தது முழுக்க நான்தான், பெற்றவளுக்கு இந்த வயதில் கஞ்சா பழக்கிய பெருமை உன்னைச் சேரும்.

டாக்டரம்மா திட்டவில்லை. இதைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் சின்னச் சின்னதாகத்தான், சிலருக்குத் தூக்கமும் வலியும் தேவலை என்கிறார்கள், நடுக்கத்துக்கு உதவும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஆதாரம் போதாது என்றார். இந்த வியாதிக்காரர்களுக்கு எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்குவதும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் ஏற்கெனவே உண்டு, அதை இது கூட்டிவிடலாம், சாப்பிடும் மாத்திரையோடு மோதலாம், உள்ளே என்ன அளவு இருக்கிறதென்று தெரியாத புட்டியை நம்பவே கூடாது என்றார். உங்கள் நாட்டில் எப்படியோ, இங்கே அதை வைத்திருப்பதே குற்றமாம், புட்டியை டாக்டரம்மாவிடமே ஒப்படைத்தாயிற்று. நீ இனி அனுப்பாதே. உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணிடம், அவள் மாமனாருக்கு நீ சிபாரிசு செய்தாயே, இந்தக் கதையை இன்றைக்கே சொல்லிவிடு. வெட்கப்படாதே, என் பெயரைப் போட்டே சொல்.

அப்பா இரண்டு நாள் தன் பாலைத் தானே ஊற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்னதுன்னு சொல்லாம ஒரு மாத்திரை யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்ல நான், என் கைதான் என் பேச்ச கேக்கல, நீங்க ரெண்டு பேரும் கேக்கலாமே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லியிருந்தா குடிச்சிருப்பீங்களா என்றேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணியிருப்பேன், வேணாம்னாலும் அது நான் சொன்ன வேணாமா இருந்திருக்கும் என்றார். அம்மாடி, நீ செய்தது பாசத்தில், நான் செய்ததும் பாசத்தில்தான், ஆனாலும் அவர் சொன்னதுதான் நியாயம். அடுத்த மாதம் டாக்டரம்மாவிடம் அவரே எல்லாம் கேட்கப்போகிறார், கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, பதினாலு கேள்வி.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போடு. குறைவில்லாமல், நோய்நொடி அண்டாமல் இருவரும் நல்லா இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இந்த இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்கிறாய், நானும் பதில் சொல்கிறேன், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா