துணியை வைத்தவன் நான்தான்

உடனே கசக்கிப் போட்டுவிடாதே, பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். துணிமணி எடுக்க இன்று வருவாய் என்று உன் அக்கா சொன்னார். நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். என் முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது.

கார் சரியாகிவிட்டது. சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயிலிருந்து மெக்கானிக் கந்தலாக ஒரு துணியை உருவி எடுத்தார். "இதை உள்ள வச்சது யாரு சார்? இன்ஜின் இழுத்துக்கிச்சு. ஓட்டினவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். என் பழைய கட்டம்போட்ட சட்டையின் கை அது. ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் மாற்றும்போது, தூசி விழக்கூடாதென்று நான்தான் குழாயின் வாயில் அடைத்தேன். நீ டீயோடு வந்து ஏதோ கேட்டாய். "வேலையா இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கோபத்திலேயே, துணியை எடுக்காமல் மூடியை மாட்டிவிட்டேன்.

மறுநாள் பாலத்தின் மேல் வண்டி நின்று நீ ஃபோன் செய்தபோது, "என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" என்றேன். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனவள்தான் நீ.

அந்த டம்ளரை நேற்றுதான் கழுவினேன்.

ஃப்ரிட்ஜில் சாப்பாடு இருக்கிறது, சாப்பிடு. கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி அளக்கிறது.

திரும்பிப் போவதானாலும் மூட்டையோடு பஸ்ஸில் அலையாதே, காரிலேயே போ.

அடியில் இரண்டு வரி உனக்காக விட்டுவிட்டு, இதை ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன். பேனா பக்கத்திலேயே இருக்கிறது. அன்று டீயோடு வந்து என்ன கேட்டாய்? என் காதில் விழவே இல்லை.